தற்காலிக எண்

கொச்சியில் கேட்டால் பதினோரு மாதம் காத்திருக்கணும்.
கோயம்புத்தூரில் நாலு லட்சம் கூடுதல்.
இந்தூரில் ஒன்று
பெயின்ட் வாசம் போகாமல் நிற்கிறது என்றார் மாளவியா.
போனைத் திருப்பிக் காட்டினார்:
அடுப்பு, முழங்கால் இடிக்கும் கக்கூஸ், கட்டில்,
ஜன்னலுக்கு வெளியே
மழையே பார்க்காத ஒரு மதில்.

மார்த்தாண்டத்தில் அன்று சாரல்.
ரப்பர் ஷீட் நாறும் மாடிப்படியில் நின்று
மஸ்கட்டில் பொறுக்கிய இந்தியில் கேட்டேன்:
கட்டில் எவ்வளவு நீளம்?
ஆறடி என்றார்.
யாரையாவது படுக்கச் சொல்லுங்கள் என்றேன்.
இருபத்தாறு வருட இரவுப்பணி எனக்கு.
கட்டில் விஷயத்தில் எண்ணை நம்பமாட்டேன்,
பாதம் எங்கே நிற்கிறது என்று பார்க்கணும்.

நெட்டையாய் ஒருவன் வந்தான்.
செருப்பைக் கழற்றிவிட்டு
பிளாஸ்டிக் உறை சரசரக்கப் படுத்தான்.
பாதம் உள்ளேதான் நின்றது.
எழுந்திரு என்று
அவனுக்கு இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

பணம் போனது.
வங்கியில் அந்தப் பெண்
கணக்கு எண்ணை மூன்று முறை வாசித்துக் காட்டினாள்,
பிழைப்பாரா என்று தெரியாத நோயாளியின் பெயரை வாசிப்பதுபோல்.
அதன்பின் மாலைவரை
கையில் பணமும் இல்லை, வண்டியும் இல்லை.
கொழுந்தன் வந்து உட்கார்ந்தான்:
"வீடு ஒண்ணு கெடக்கே. சக்கரம் வச்சு இன்னொண்ணு எதுக்கு?
கேடாச்சுன்னா இந்தூருக்கா தூக்கிட்டுப் போவிய?"

டென்னிசன் வாய் திறக்கவில்லை.
குழித்துறை டிப்போவில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர்.
களியக்காவிளை, நாகர்கோவில், களியக்காவிளை.
ஊர்களைக் கிழித்துக் கிழித்து
மற்றவர்கள் கையில் கொடுத்தவர்.

ஐந்து நாள் போனில் ஒரு நீலப்புள்ளி.
நாக்பூரில் சாப்பிட நின்றது.
கர்னூலில் ஒரு ராத்திரி முழுக்க அசையவில்லை,
நானும் அசையவில்லை.
ஆரல்வாய்மொழியில்
காற்று நெஞ்சில் கைவைத்துத் தடுத்ததாம்,
யாரைக் கேட்டு வருகிறாய் என்று.

வந்தது.
எங்கள் முடுக்கில் நுழையவில்லை.
கட்டிலை அளந்தவள் முடுக்கை அளக்கவில்லை.
சர்ச் மைதானத்தில்
போர்வெல் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.
வேலப்பன் மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்து
"கொள்ளாம்" என்று மூடினார்.
எது கொள்ளாம் என்று சொல்லவில்லை.

இறங்கியவனின் முகம் பிடிபடவில்லை,
பாதம் பிடிபட்டது.
லகன்லால். தேவாஸ் பக்கம் ஏதோ ஊர்.
மீட்டரில் இரண்டாயிரத்து அறுபத்துமூன்று.
புது வண்டி என்று வாங்கியது
நான் பார்க்காத ஊரையெல்லாம் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நின்றது.
கட்டிலின் உறையில் ஒரு சுருக்கம் இல்லை.
எங்கே தூங்கினாய் என்றேன்.
ஸ்டியரிங்கைக் காட்டினான்.

அவனுக்கு ரயில் ராத்திரிதான்.
மட்டிப்பழத்தை உரித்துக்கொண்டே
கடல் எந்தப் பக்கம் என்று கேட்டான்.

கண்ணாடியில் காகிதத்தில் தற்காலிக எண்.
ரிட்டயர்டு ஆனபின் லைசென்ஸ் எடுத்த டென்னிசன் ஓட்ட,
கருங்கல் இறக்கத்தில்
நாங்கள் இரண்டு பேரும் இல்லாத பிரேக்கை மிதித்தோம்.
முட்டம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

கடலை அவன் அதிக நேரம் பார்க்கவில்லை.
அழைப்பில்லாத கல்யாண வீட்டில் நிற்பவனைப்போல்
பாறையோரம் கொஞ்சம் நின்றான்,
வாயில் தெறித்ததை நக்கிப் பார்த்தான்,
திரும்பி வந்தான்.
நான் ஆஸ்பத்திரிக் கத்தரியால்
கட்டில் உறையை நீளவாக்கில் வெட்டினேன்.
படு என்றேன்.
இந்த முறை ஒரு தடவைதான் சொன்னேன்.

இரண்டு விசில் கொடுத்தால் வண்டி கிளம்பணும்.
ஏழு மணி ஆனது, ஏழரை ஆனது.
டென்னிசன் கதவருகில்
விரலை உதட்டுக்குக் கொண்டுபோய்,
கீழே போட்டுவிட்டு,
நின்றார்.