முப்பத்தொரு சதவீதம்

வேலைக்குக் கொண்டுபோகும் ஈரமானியைத்
தொட்டிலருகே வைத்துப் பார்த்தேன்.
முப்பத்தொன்று.
பால்கனியில் எண்பத்தெட்டு.
நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு
வெளிப்பக்கமாக வேர்த்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் மாதத்து ஷார்ஜாவில்
ஈரம் வாங்கக் கடைக்குப் போகிறேன் என்றதும்
கீழ்வீட்டு அந்தோணி சிரித்தான்.
கதவைத் திறந்தா ஓசியில வருமே.
வரும்.
முப்பத்தெட்டு டிகிரியும் கூடவே வரும்.

பதினோரு வருடமாக என் பிழைப்பு
காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது.
மாடி மாடியாக ஏறி
சுருள் கழுவி, கேஸ் ஏற்றி,
வடிகுழாயில் சொட்டு விழுகிறதா பார்ப்பேன்.
விழுந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்குவேன்.
எத்தனை குளம் வடித்திருப்பேன் இந்த ஊரில்,
கணக்கில்லை.

எஸ்லினுக்கு மூக்கடைத்து மூன்று இரவு.
புட்டியைக் கவ்வினால் மூச்சில்லை,
மூச்சுக்கு வாய் திறந்தால் பாலில்லை,
ஏழு மாதத்துக்கு இது பெரிய வழக்கு.
தீர்ப்பு வரும்வரை அழுகை.

பெனிட்டா ஏழு மணிக்கு நைட் டியூட்டி கிளம்ப வேண்டும்.
எனக்கு நாற்பது நிமிடம்.

அல் நஹ்தாவில் அந்தக் கடை.
ஓர் அலமாரி முழுக்க மூடுபனி.
யானை துதிக்கையால் விடுகிறது,
பென்குவின் உச்சந்தலையால்.
ஒன்றுக்கு நீல விளக்கு,
ஒன்றுக்கு லாவெண்டர் வாசம்,
ஒன்று சீனத்தில் தாலாட்டும்.
யானைதான் நல்லா போகுது சேட்டா, என்றான் ஷிஜு.

மூடியைக் கழற்றி
யானையின் வயிற்றுக்குள் கைவிட்டேன்.
இரண்டு விரல்தான் போனது.
கை போகாத இடத்துக்குப் பூஞ்சை போகும்.
இது ஒன்றுதான்
தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த வேதம்.

கொதிக்கவைத்து ஆவி விடுவது ஒன்று இருந்தது.
நல்ல மெஷின், கிருமி மிஞ்சாது.
ஆனால் போன வாரம்தான் அவள்
வயிற்றால் நகரத் தொடங்கியிருக்கிறாள்,
ஒயரைக் கண்டால் இழுக்கிறாள்.
வைத்துவிட்டேன்.
வாசமும் வேண்டாம்.
அடைத்த மூக்கிடம் போய் எதற்கு லாவெண்டர்.

கடைசித் தட்டில், தூசியோடு,
வாளி மாதிரி ஒன்று.
விளக்கில்லை, பாட்டில்லை, முகமில்லை,
வாய் மட்டும் அகலம்.
முழங்கைவரை போனது.
நூற்று நாற்பத்தைந்து திர்ஹம்.
பிள்ளைக்கா இது, என்று
ஷிஜு என்னைப் பார்த்த பார்வையையும்
பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

குழாய்த் தண்ணீர் ஊற்றினால்
மேஜையெல்லாம் வெள்ளைப் பொடி படியும்.
காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்க மறந்துவிட்டேன்.
பால்கனியில் நம் ஏசி வடித்தது
ஒரு வாளி நிறைய நின்றது.
இந்த அறையின் தண்ணீர்.
அவள் விட்ட மூச்சும் அதில் கொஞ்சம் இருக்கும்.
தெளிவாகத்தான் தெரிந்தது.

நினைக்கவே நினைக்காதே, என்றாள் பெனிட்டா,
ஷூ நாடாவைக் கட்டியபடி.
நான் வாயே திறக்கவில்லை.
திரும்ப ஓடினேன், இரண்டு கேன்.

ஒன்பது மணி, முப்பத்தாறு.
பதினொன்று, நாற்பத்திரண்டு.
இது கொடுக்கிறது, ஏசி உறிஞ்சுகிறது,
இரண்டும் ஒரே மீட்டரில்,
ஒரே சம்பளத்தில்.
ஐம்பதைத் தாண்டவிடாதே, என்று
வார்டிலிருந்து மெசேஜ்.
தாண்டினால் சுவருக்குச் சளி பிடிக்கும்,
எனக்கா தெரியாது.

ஒன்றரை மணிக்கு மூக்கில் ஒரு சின்ன விசில்.
பிறகு அதுவும் நின்றது.
நின்றதும் எனக்கு நெஞ்சு அடைத்தது.
போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.

வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள்.

நாற்பத்தேழு.
பனி அவள் கால்மாட்டில் எழும்பி
பாதி வழியில் காணாமல் போகிறது.
எட்டு மணிக்கு நான்
காசிமியாவில் ஓர் அலுவலகத்தில் நிற்க வேண்டும்.
காகிதமெல்லாம் நமத்துப்போகிறதாம்,
ஈரம் தாங்கவில்லை என்று புகார்.