துணி ஏலம்

தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல்.
ஓதம் ஏறினால் ஆறோ ஏழோ;
மீதியைக் காலால்தான் தேட வேண்டும்.

வந்தவர்கள் சுற்றி, முங்கி எழுந்து
உடுத்தியதோடு தோஷத்தையும் விட்டுப் போவார்கள்.
அதை அள்ளும் ஏலம் இந்த வருஷம் என் பேரில்:
பூமயில்.
கணவர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

கொக்கிக் கம்பில் வந்தவை:
மடிப்புக்கூடக் கலையாத பட்டு வேட்டி,
பள்ளிக்கூடச் சீருடை,
ஒரு சட்டைப்பையில் பரமக்குடி பஸ் டிக்கெட்,
இரண்டு பேருக்கு.

உடைமர முள்ளில் காயப்போட்டால்
கச்சான் காற்றில் சட்டைகள் ஊதிக்கொண்டு நிற்கும்,
தோள் உண்டு, கை உண்டு,
ஆள் மட்டும் இல்லை.

சனியன் விட்ட துணியை வெறுங்கையால் தொடுகிறாயே
என்றார் தேங்காய்க் கடை முனியாண்டி.
ஈரமாக இருந்தால் எடை ஏமாற்றும்,
எனக்குத் தெரிந்த தோஷம் அது ஒன்றுதான்.
காய்ந்தால் கிலோ பதினான்கு ரூபாய்,
மெஷின் துடைக்க மதுரைக்குப் போகும்.

ஆடி அமாவாசைக் கூட்டம் வடிந்த ராத்திரி
யாரும் பார்க்கவில்லை, நானும் இறங்கினேன்.
மந்திரம் தெரியாது.
எந்தக் கல் எது என்றும் இருட்டில் தெரியவில்லை;
பாசி வழுக்கிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு
மூன்று முங்கு.
அவர் எடுத்துத் தந்த பச்சைச் சேலையை
அவிழ்த்து விட்டேன்.

விடிந்ததும் கொக்கியில்
முதலில் வந்தது அது.

பிழிந்தேன். காயப்போட்டேன்.
சாயங்காலம் தராசில் வைத்தேன்:
நானூற்று எண்பது கிராம்.

நோட்டில் எடையைத்தான் எழுதுவது.
யாருடையது என்று
எழுதும் வழக்கம் இல்லை.