ரசீது

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் என் ஜெராக்ஸ் கடை.
ஏ-ஃபோர் தாள் வந்த அட்டைப்பெட்டிக்குள்
கத்திரி வெயிலில் நாலு போட்டது பூனை.
மெஷின் அனல் விடும் பக்கமாகப் பார்த்துப் படுத்திருந்தது,
வேலூர் வெயில் போதாதென்று.

"சும்மா குடுக்காதீங்க" என்றார் ஜூஸ் கடை முனவ்வர்.
"எங்க வீட்ல தையல் ஊசிகூட
காசு வாங்காம கை மாறாது."
எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என் கணக்கு வேறு.
போன வருஷம் ஆற்காட்டு ரைஸ்மில் புருஷோத்தமன்
ரெண்டு குட்டியை இலவசமாய்க் கொண்டுபோனார்.
பொங்கல் கழித்து வந்து
"அதுங்க இல்ல. வேற கீதா?" என்றார்,
பால் பாக்கெட் கேட்கிற குரலில்.
இல்ல என்றால் என்ன என்று
அன்றைக்கு நான் கேட்கவில்லை.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் எழுதி ஒட்டினேன், கொட்டை எழுத்தில்:
பூனைக்குட்டி, ஒன்று இருநூறு ரூபாய்.
நகல் ஒன்று இரண்டு ரூபாய் என்கிற தாளுக்குக் கீழே.
ஒட்டிய கையோடு கூச்சமாகிவிட்டது.
பெற்றதும் நக்கியதும் அது.
விலை மட்டும் என்னுடையது.
மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்த வங்காளத்துக்காரர்
எண்ணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்,
தொடலாமா என்று கண்ணால் கேட்டார்.
தொடக் காசில்லை என்று
எந்த மொழியில் சொல்வது?

முதல் ஆளாய் வந்தது புருஷோத்தமன்.
பேரமே இல்லை. இரண்டு ஐந்நூறு தாள்.
"நாலும் குடு. மீதிய பாலுக்கு வச்சுக்கோ."
யாரை நினைத்துப் பூட்டுப் போட்டேனோ
அவர் பையிலேயே சாவி.
"எல்லாத்துக்கும் ஆள் சொல்லிட்டாங்க சார்."
மேஜைக்கடியில் நாலு குரல்
என்னைப் பொய்யாக்கின.

பிறகு ஒன்று சத்துவாச்சாரிக்குப் போயிற்று,
ஒன்று காட்பாடி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு.
ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிட்டு
மூன்றாவதை முனவ்வரே தூக்கிக்கொண்டார்.

மிச்சம், கண்ணில் பீளை கட்டிய சாம்பல் குட்டி.
அதைக் கேட்டது பச்சையம்மா,
ராத்திரி ஷிப்டில் வார்டு கூட்டுகிறவள்.
தாய்ப்பூனை பாதி வளர்ந்ததே அவள் டிபன் பாக்ஸ் கருவாட்டில்.
"உனக்கு எதுக்குக் காசு, எடுத்துட்டுப் போ" என்றேன்.
பெருந்தன்மையாக இருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.
அவள் முகம் இறுகிவிட்டது.
"தெனம் பத்து ரூபா தரேன். இருவது நாளு.
முடியற வரைக்கும் இங்கியே கெடக்கட்டும்."
"ஏன்?"
"டூட்டி முடிச்சு கேட்டாண்ட
தெனம் பைய அவுத்துக் காட்டறவ நானு.
சும்மா வந்திச்சின்னு சொன்னா
எவன்மே நம்புவான்?"

இருபது விடியல் வந்தாள்.
பத்து ரூபாயை வைத்துவிட்டு,
ஆறிய வெந்நீரில் பஞ்சை நனைத்து
அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டுப் போவாள்.
அந்த நோட்டுகளை நான் கல்லாவில் போடவில்லை.
ஏனென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கடைசி நாள், "ரசீது போடு" என்றாள்.
போட்டேன். பெறப்பட்டது ரூபாய் இருநூறு.
விவரம்: பூனைக்குட்டி ஒன்று, சாம்பல் நிறம்,
இடது கண்ணில் பீளை.
விரல் வைத்துப் படித்து அங்கே நின்றாள்.
"பீள எங்க கீது, பாரு."
என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
இரண்டு கண்ணாலும் பார்த்தது அது.

அந்த வரியை அடித்தேன்.
அடித்த இடத்தில் சின்னதாய்க் கையெழுத்தும் போட்டேன்.
"இதுல ஒரு காப்பி எடு" என்றாள்,
மேஜைமேல்
இரண்டு ரூபாயை வைத்து.