பற்று வழி

காரைக்குடி பழைய சாமான் கடையில்
எடைக்குக் கிடந்தது பினாங்குப் பேரேடு.
கிட்டங்கி அடுத்தாள் வயிரவன் கையெழுத்து;
பாதி கரையானுக்கு.

ஞாயிறு. டிராம் கூலி ஐந்து காசு, அருவித் தோட்டம் வரை.
மறு ஞாயிறும் அதே.
ஒரு வாரம் மட்டும் மாட்டு வண்டி:
'டிராம் தடம் புரண்டபடியால்.'

அங்கே என்ன பார்த்தான்?
எழுதவில்லை.
பூவுக்கு வரவும் இல்லை பற்றும் இல்லை.

நடுவே தைத்திருந்தது
கானாடுகாத்தானிலிருந்து வந்த கடுதாசி:
'மரம் பார்க்கவா உன்னைக் கப்பல் ஏற்றினோம்?
தோட்டம் இனி உன் சொந்தப் பற்று.'

சித்திரைக்குப் பிறகு
டிராம் கூலி ஓர் இடத்திலும் இல்லை.
திருந்திவிட்டான் என்றே
பக்கங்களைத் தள்ளினேன்.

வைகாசி: செருப்புத் தைக்க, மூன்று காசு.
ஆனி: செருப்புத் தைக்க.
ஆடி: இரண்டு தரம்.