நூற்று இருபதாவது நாற்காலி

தெலுக் பிளாங்கா. இரண்டு புளோக்குகளுக்கு நடுவே
கூடைப்பந்துத் திடல்.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள்,
இருபது இருபதாக ஆறு அடுக்கு.
நானும் மொனிருலும் இறக்கி வரிசை போட்டோம்.
கையெழுத்து வாங்கப் போனபோது
சமூக மன்றத்துப் பெண் சொன்னாள்:
ஒன்பதே முக்காலுக்குப் படம் முடியும்,
இருந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.
இருப்பதற்குக் கூலி கிடையாது.
அது அவளுக்குத் தெரியாது.

மின்தூக்கிக் கதவோரம் ஒட்டியிருந்த தாளில்
'இலவசம்' மட்டும் நான்கு மொழியில்.
பழைய படமாம், கறுப்பு வெள்ளை.
ஏதோ குளிர்நாட்டில் ஒரு கயிற்று ஆலை,
அங்கே சங்கம் கட்டியவர்கள் கதை.
உட்காரலாமா என்று நாங்கள் கேட்கவில்லை,
உட்காராதே என்று யாரும் சொல்லவுமில்லை.
லாரி நின்றது திரைக்குப் பின்னால்.
அங்கிருந்தே பார்த்தோம்.

துணியின் முதுகில் எல்லாம் இடம் வலம் மாறி.
அடியில் ஓடிய எழுத்து
ஆங்கிலமோ சீனமோ, திரும்பிக்கொண்டு ஓடியது.
பேச்சும் பிடிபடவில்லை.
ஆனால் ஒருத்தி சம்பள உறையைக் கவிழ்த்து
காசை எண்ணி, நிறுத்தி,
மறுபடி முதலிலிருந்து எண்ணினாளே,
அது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான்.
'கொம்' என்றான் மொனிருல்.
குறைவு. அவன் மொழியில் எனக்குத் தெரிந்த
பத்துச் சொற்களில் அதுவும் ஒன்று.

ரோஸ்லான் இன்ஜினை அணைக்கவில்லை.
ஏர்கான் இல்லாமல் அவனால் ஆகாது.
பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்,
பைஜாமாவும் கச்சாங் பூத்தே பொட்டலமுமாக,
திரையைச் சுற்றி வந்து நின்றார்.
திட்டப்போகிறார் என்று நினைத்தோம்.
ஆளுக்கொரு கை கடலை போட்டுவிட்டு
தன் காதைத் தொட்டுக் காட்டினார்.
ரோஸ்லான் சாவியைத் திருப்பினான்.
அதே நொடி
ஆலையில் பெரிய சக்கரமும் நின்றது.

சத்தியமாக, எது முதலில் நின்றதென்று
எனக்குத் தெரியாது.
பன்னிரண்டாம் மாடியில் யாரோ
துணிக்கழியை உள்ளே இழுப்பது கேட்டது.
திரையில் முந்நூறு பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.
கூச்சல் இல்லை, கொடி இல்லை,
கால் வலித்தவர்கள் உட்காருவது போல.
அப்போதுதான் கவனித்தேன்,
இவ்வளவு நேரமும் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.
போய்க் கடைசி வரிசையில் ஆளில்லாத ஒன்றை
எடுத்து வந்து போட்டேன்.

போன் அடித்தது. மிஸ்டர் தியோ.
நாளைக் காலை யீஷுனில் கல்யாணம்,
லாரி எங்கே, லாரி எங்கே.
ரோஸ்லான் போனைத் தொடைமேல் கவிழ்த்தான்.
இரண்டு தரம் துடித்து அது அடங்கியது.
வீரம் கீரம் என்று எண்ண வேண்டாம்.
மறுநாள் திட்டு விழுந்தது,
ஓவர்டைமில் ஒரு மணி நேரம் போனது.

ஆலை ஜெயித்ததா தோற்றதா
எனக்கு விளங்கவில்லை.
கதவு திறந்தது, கூட்டமாக நடந்தார்கள்,
எங்களுக்கு வலப்பக்கம்,
முன்னால் இருந்தவர்களுக்கு இடப்பக்கம்.
போகிறார்களா திரும்புகிறார்களா
என்று பார்ப்பதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

சிலர் தங்கள் நாற்காலியைத் தாங்களே கொண்டுவந்து அடுக்கினார்கள்.
சிலர் தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் விட்டுவிட்டுப் போனார்கள்.
எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது.
நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
'கொம்' என்றேன்.
தாளும் பேனாவுமாக அந்தப் பெண் முகம் வாடி நின்றாள்.
மொனிருல் சிரித்தபடி கை நீட்டினான்.

திரையைக் கழற்றிச் சுருட்டியாகிவிட்டது.
லாரிச் சக்கரத்தருகே
அது மட்டும் தனியாக,
துணி இருந்த பக்கம் பார்த்தபடி.