வட்டம் விழாத தட்டு

மூன்றாம் நாளே மணம் போய்விட்டது.
அதனால் நிறுத்தினேன்.
இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், டொக்டர்,
உங்கள் படிவத்தில் இடமிருக்கவில்லை.
'முன்னர் கொடுத்த மருந்துகள்' என்று
ஒற்றைக் கோடுதான் விட்டிருந்தீர்கள்.

மிச்சத்தைப் பிரிட்ஜ் கதவில்
தக்காளி சோஸுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மாசியில் திரும்ப வந்தது.
கறுவா தலையை உதற
சுவரில், திரைச்சீலையில், கந்தோருக்கு மடித்து வைத்த சேலையில்
மண்ணிறப் பொட்டுகள்.
அதே போத்தலைத்தான் எடுத்தேன். நாலு நாள்.
பிறகு காலி வீதியில் ஒரு பார்மசி,
துண்டு கேட்காமலே தந்தார்கள்,
'மனிசருக்குப் போடுறதுதான் மிஸ், நாய்க்கும் சரிவரும்.'
பிறகு கீழ்மாடி ரிஸ்மினாவின் பூனைக்கு
வாங்கி மிஞ்சிய குளிசைகள்,
பாதி பாதியாய் பட்டரில் பொதிந்து.
எல்லாமே ஒரு கிழமைக்குக் கெட்டித்தனம் காட்டின.

சாகக்கூடியவற்றை மட்டுமே கொன்று
சாகாதவற்றுக்கு இடம் பெருக்கிக் கொடுக்கிறேன் என்று
யாராவது சொல்லியிருக்கலாம்.
நீங்கள் சொன்னீர்கள்.
பத்து நாள் என்று எழுதி
அடியில் இரண்டு கோடும் இழுத்தீர்கள்.

பஞ்சுக் குச்சி நாரஹேன்பிட்டிக்கு ஓட்டோவில் போனது.
நாலாம் நாள் தட்டின் படத்தைப் போனில் காட்டினீர்கள்.
சூடோமோனாஸ். கிரேக்கத் தளபதியா என்றாள் நிலோஜா.
பச்சை பூத்த தட்டு,
மேலே பன்னிரண்டு வெள்ளைக் காகிதப் பொட்டுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும்,
பலித்தால் சுற்றிலும் வெறுமையாய் வட்டம் விழும் என்றீர்கள்.

பார்த்தேன்.
பச்சை, பொட்டின் விளிம்புவரை வந்து
அதிலேயே முதுகு சாய்த்து நின்றது.
பத்தில் அப்படி. ஒன்றில் ஐமிச்சம்.
ஒன்றே ஒன்றில்
சட்டைப் பொத்தான் அளவு வெளி.

அந்த மருந்து இப்போது நாட்டில் இல்லை,
வந்தாலும் முதலில் பெரியாஸ்பத்திரிக்குத்தான்,
அங்கே யாருக்கோ அதுதான் கடைசி, என்றீர்கள்.
நியாயம் என்றேன்.
மேசைமேல் கறுவா
வலிக்காத காதை என் கைக்குள் தள்ளியது.

செவிக்குழாயையே எடுத்துவிட்டீர்கள்.
வலி இல்லை. சாப்பிடுகிறது. உதறுவதில்லை.
முன்பு பம்பலப்பிட்டியில் ரயில் கிளம்பும்போதே
பல்கனிக்கு ஓடிவிடும்.
இப்போது தரை அதிர்ந்த பிறகு
ஒரு கண்ணைத் திறந்து
கடல் பக்கம் பார்க்கிறது,
சிலவேளை மற்றப் பக்கம்.

நான் வந்தது தையல் பார்க்க அல்ல.
அந்தப் போத்தல் இன்னும் கதவில் இருக்கிறது,
அடியில் ஒரு விரல் அளவு.
சிங்கில் ஊற்றினால் வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் போகும்,
அங்கேயும் இருக்கும்தானே,
சாகக்கூடியவையும் சாகாதவையும்.

எங்கே ஊற்றுவது, டொக்டர்?