நாற்பது சட்டை, ஒரு பாம்பு

வெள்ளைப் பாம்பு நாற்பது கேட்டாள் சூ யென்.
பருத்தி, வட்டக் கழுத்து, சனிக்கிழமைக்குள்.
ஜெலுத்தோங் சாலையில் என் கடை.
பாதி மாதம் வேட்பாளர்களின் முகம் அச்சடிப்பேன்,
பாதி மாதம் பள்ளி ஓட்டப்பந்தயம்.
பாம்பு இதுதான் முதல்.

கதை தெரியும்.
ஆயிரம் ஆண்டு தவமிருந்த பாம்பு பெண்ணாகி
மழையில் குடை கொடுத்தவனைக் கட்டிக்கொள்ளும்.
ஒரு மிடறு மதுவில் வேஷம் கலையும்.
துறவி ஒருவர் வந்து
கோபுரத்தின் அடியில் வைத்துப் பூட்டுவார்.

சின்ன வயதில் எனக்கு அது
திரையின் கீழே ஓடிய மலாய் எழுத்து.
அவள் அழுது முடித்து
அரை நொடி கழித்து
நான் அழுவேன்.

முதலில் பார்த்த படத்தில் பாம்பு துணி.
வாலில் கயிறு தெரிந்தது.
கயிற்றைப் பாம்பென்று நம்புவது
நமக்கொன்றும் புதிதில்லையே, நம்பினேன்.
அடுத்ததில் பாட்டு அதிகம், பாம்பு குறைவு.
அதற்கும் அடுத்ததில்
கணினி செதில் செதிலாய் எண்ணி வரைந்திருந்தது.
அவ்வளவு தத்ரூபம்,
பயமே வரவில்லை.
ஒன்றில் துறவி நல்லவர்.
ஒன்றில் துறவிக்கே அவள்மேல் ஆசை.
எல்லாம் உரித்துப் போட்ட சட்டைகள்.
உரித்தது எந்தப் பொந்தில் இருக்கிறதோ.

சூ யென் வரைந்ததில் கோபுரம், கோம்தார்.
அறுபத்தைந்து மாடியும் அவள் தலைமேல்.
பேருந்து நிறுத்தத்துக்குக் கீழே சுருண்டு கிடந்து
யாரோ சில்லறை எண்ணுவதைக் கேட்கிறாள்.
பச்சைத் தங்கை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு
பாலத்தில் மோட்டாரை முறுக்கி வருகிறாள்.
கணவன்காரன் சாப்பாட்டுப் பையைச் சுமந்து
மழையில் நிற்கிறான்,
இந்த முறை குடை இல்லாமல்.

தோழி ஃபர்ஹானா வரைந்ததில் கணவனே கிடையாது.
அக்காளும் தங்கையும்
பாயான் லெப்பாஸ் கோயில் கிளையில்
பாம்போடு பாம்பாய்த் தூங்குகிறார்கள்.
ஊதுபத்திப் புகை. சுற்றுலாக்காரர்களின் கேமரா.
யாரும் யாரையும் பெண்ணாகச் சொல்லவில்லை.

பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் தியோ எட்டிப் பார்த்தார்.
கோம்தாருக்குச் சிரித்தார்,
மோட்டாருக்கு முகம் சுளித்தார்.
"பாம்பு வரைந்து முடித்தாயிற்று,
அப்புறம் எதற்குக் கால் என்பார்கள்
எங்கள் ஆட்கள்."
வேண்டாத வேலை என்று அர்த்தம்.
சூ யென்னுக்குக் காது மடல் சிவந்தது.
எங்கள் ஆட்கள் வேறொன்று சொல்வார்கள்
என்று வாயெடுத்தேன்.
எடுத்த வாயோடு இயந்திரத்தை முடுக்கினேன்.

வெள்ளைத் துணியில் வெள்ளைப் பாம்பு.
பாம்பை யாரும் அச்சடிப்பதில்லை,
சுற்றியிருக்கும் இருட்டைத்தான்.
மணி பத்தரை. தே ஓ ஆறிப்போயிருந்தது.
பாம்பின் கால் பாம்பறியும்.
வால் முடிகிற இடத்தில்
ஓரத் தையலுக்கு ஒரு விரற்கடை மேலே
நகத்தளவு இரண்டு கால் வரைந்தேன்.
என் நிறம்தான், குழைத்தெடுக்கக் கொஞ்ச நேரமானது.
இரண்டாம் விரல்களில்
மெட்டி கழற்றிய இடத்து வெளிறல்.
அதற்குச் சாயம் வேண்டியிருக்கவில்லை,
துணியை அப்படியே விட்டேன்.
மெட்டிகள் மேசை இழுப்பறையில்
குண்டூசிகளோடு கிடக்கின்றன, மூன்று வருடமாக.
நாற்பதிலும் கால் விழுந்தது.

சனிக்கிழமை மடித்ததை எண்ணினாள்.
பதினேழாவதில் நின்றாள்.
ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்,
குனிந்து என் செருப்பைப் பார்த்தாள்.
மிச்சத்தை எண்ணாமலே பையில் திணித்தாள்.

வாசல்வரை போனவள் திரும்பி,
"பூட்டுக்கார அங்கிளுக்கும் ஒன்று போடுங்கள்,
எக்ஸ்எல்.
காசு நான் தருகிறேன்."